கிணற்றில் விழுந்த பசுவும் ஒரு கல்யாண வாழ்த்தும்

ஆந்திர எல்லையில் புத்தூர், நகரி, சத்தியவேடு பக்கத்துத் தமிழர் வீட்டுக் கல்யாணங்களில் தாலி கட்டி முடிந்ததும் தாய்மாமனோ நண்பனோ மைக்கைப் பிடித்து ஒரு வாழ்த்து வாசிப்பார். பிறகு அதைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டிவிடுவார்கள். அடியில் வாசித்தவர் பெயர் இருக்கும். எழுதியவள் தாட்சாயணி என்பது ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் சொல்லமாட்டார்கள்.

புத்தூர் கடைத்தெருவில் ஹரிபிரசாத்தின் பிளெக்ஸ் கடையில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்தவர்கள். அதனால் தமிழ் வாழ்த்தைத் தெலுங்கு எழுத்தில் அடித்துக் கொடுப்பாள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் அந்த வீட்டுக்கே போய், அந்த வீட்டில் மட்டுமே நடந்த ஒரு சங்கதியைக் கேட்டு வாங்காமல் எழுந்திருக்கமாட்டாள். தன் பெயர் இல்லையே என்று அவள் வருந்தியதும் இல்லை. வாயால் வாசிப்பவருக்காக எழுதியது, அவர் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவள் கணக்கு.

போன தை மாதம் ஹரிபிரசாத்துக்கு ஒரு யோசனை வந்தது. திருமலையில் கல்யாணம் வைக்க வரும் கும்பலுக்கு விற்கலாம் என்று கம்ப்யூட்டரில் கிடந்த வாழ்த்துகளில் அறுபதை எடுத்து, மாப்பிள்ளை, பெண் பெயர்களை மட்டும் நீக்கி, புத்தகமாகப் போட்டுவிட்டார். அட்டையில் அவர் பெயர். பின்னட்டையில், ‘அனைத்தும் என் கற்பனையில் உதித்தவை’ என்று ஒரு வரி. திருப்பதியில் புத்தகம் சுடச்சுட விற்றது.

இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகும் அன்று தாட்சாயணி நேராகவே கேட்டாள்.

“அண்ணா, இந்தத் தடவ அட்டையில என் பேரு வரணும்.”

“நீ நாலு பேர்கிட்ட கேட்டுகினு வந்து எழுதினது தானம்மா? கற்பனை பண்றவன்தான் எழுத்தாளன்” என்று சிரித்தார் அவர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கல்யாண வீட்டுக்குக் குடுத்தது வாழ்த்து. புஸ்தகத்துல என் பேர நான் யாருக்கும் விட்டுக் குடுக்கல. அது வர்ற வரிக்கும் இந்தக் கடையில ஒரு வரி எழுதமாட்டேன்” என்று சொல்லி, கீபோர்டைத் தள்ளிவைத்தாள்.

அந்த நேரம் பார்த்து சந்திரம்மா உள்ளே வந்தார். சத்தியவேட்டுக்காரர். ஒரு கையில் துண்டில் சுற்றிய, மகன் கல்யாண வாழ்த்தின் கண்ணாடிச் சட்டம், மறு கையில் அந்தப் புத்தகம். மருமகள் சந்தியா வாசித்துக் காட்டியிருக்கிறாள். சட்டத்தில் இருந்ததும் புத்தகத்தில் இருந்ததும் ஒரே வரிதான்:

‘கிணற்றில் விழுந்த பசுவையே விடாத கை,
மாப்பிள்ளையே, உன்னையா விடும்?’

புயல் மழையில் கிணற்றில் விழுந்த அவர்கள் பசுவை, ஆண்களோடு சேர்ந்து வடம் பிடித்து இழுத்தவள் சந்தியா. அதைப் பார்த்துத்தான் சந்திரம்மா அவளைப் பெண் கேட்டார்.

“கற்பனைன்னு போட்டுக்கீறியே நைனா. எங்க மாட்டுக்கு எந்தக் காலு ஒடிஞ்சிது, சொல்லு?”

ஹரிபிரசாத் தாட்சாயணியைப் பார்த்தார்.

“இடது முன்னங்கால்” என்றாள் அவள்.

சந்திரம்மாவுக்கு அத்தோடு ஆறவில்லை. “மாடு எங்களுது, மருமவ எங்களுது. அப்ப பாட்டும் எங்களுது தான?”

“மாடு உங்களுதுக்கா. மருமகளும் உங்களுது. வார்த்த என்னுது.”

சந்திரம்மா உட்கார்ந்து சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டார். “அது சரி. நாங்க ஊரு பூரா அந்த மாட்டுக் கதயச் சொன்னோம். ஒருத்தருக்கும் சிரிப்பு வர்ல. நீ எழுதித்தான் மண்டபமே சிரிச்சுது.” பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார். “இதுல உன்னுது இன்னா நைனா?”

ஹரிபிரசாத் பின்னால் ஓடிக்கொண்டிருந்த அச்சு மிஷினைப் பார்த்தார். அவருடையது அது ஒன்றுதான். “பேர அடிச்சிக்கோம்மா” என்றார்.

தாட்சாயணி கீபோர்டை இழுத்துக்கொண்டாள். முதலில் ஒவ்வொரு வாழ்த்தின் கீழும் அந்தந்த வீட்டுப் பெயரைச் சேர்த்தாள். கடைசிப் பக்கத்தில் ‘அச்சிட்டவர்: ஹரிபிரசாத்’ என்று அடித்தாள். பிறகு அட்டைக்கு வந்து தன் பெயரை அடித்தாள். சின்னதாகத் தெரிந்தது. பெரிதாக்கினாள்.