டாலிகஞ்ச் மெஸ்ஸில் எண்ணெய் விலக்கு

கும்பகோணம் சுவாமிநாதன் என்னும் நான், வயது எழுபத்திரண்டு நிறைந்தவன், தெளிந்த சித்தத்துடன் எழுதுவது: பிறருக்குச் சோறு போடும் தொழிலில், பசித்தவன் உப்பில் மட்டும் குறை காண்பான், பசி தீர்ந்தவன் எல்லாவற்றிலும் குறை காண்பான். மெஸ் நடத்தி ஏச்சு வாங்கிய அன்பர்களே, எழுபதுகளில் கல்கத்தாவில் எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

தீர்மானம்

டாலிகஞ்சில் நான் நடத்திய மெஸ்ஸில் பதினெட்டு அங்கத்தினர். அனைவரும் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த தமிழ் உத்தியோகஸ்தர்கள். அவர்களுள் மூத்தவர், அலிப்பூரில் அதிகாரியாயிருந்த சேஷாத்ரி. கொழுப்பைக் குறைக்கும்படி வைத்தியர் அவருக்குச் சொல்ல, அவரோ ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், மெஸ் முழுவதற்கும் எண்ணெயும் நெய்யும் விலக்கு எனத் தீர்மானம் கொண்டுவந்தார். மேலதிகாரி கை தூக்கினால் மற்றக் கைகள் தாமே எழும் அல்லவா? ஏகமனதாக நிறைவேறிற்று. சமையற்காரர் பஞ்சாபகேசன் மட்டும் எதிர்த்தார்:

“எண்ணெய்லதான் ஸார் கடுகு வெடிக்கும். தண்ணில போட்டா நீச்சல்தான் அடிக்கும்!”

தோசை

மறுநாள் வார்த்த தோசை, கல்லையே நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்டது. சுரண்டி எடுத்துத் தட்டில் குவித்தோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எண்ணெய் வராவிட்டால் ஹவுராவில் ரயிலேறிவிடுவதாகப் பஞ்சாபகேசன் சூளுரைத்தார். அவர் போனால் மெஸ்ஸுக்குப் பூட்டு. என் பிழைப்புக்கும் பூட்டு. இதை நான் கலக்கத்துடன் தெரிவித்தபோது, சேஷாத்ரி தட்டைக் கிளறியபடி சொன்னார்:

“கவலைப்படாதேயும் ஓய். தோசையை ஸ்பூனால சாப்பிடற மெஸ் வேற எங்கே இருக்கு?”

பேகுனி

நிற்க. அங்கத்தினர்கள் மத்தியானம் இரு மடங்கு சோறு உண்டும், மாலைக்குள் பசியால் வாடினர். வியாழனன்று கடைத்தெருவுக்குப் போனேன். கத்தரிக்காயை மாவில் தோய்த்துக் கடுகெண்ணெயில் பொரிக்கும் பேகுனிக் கடை முன், எனக்குப் பழக்கமான முதுகுகள் ஒன்பது வரிசையாக நின்றன. முதல் முதுகு சேஷாத்ரியுடையது. “தாதா தினமும் நாலு சாப்பிடுகிறார்” என்று, வங்காளி வழக்கப்படி அவரை அண்ணனாக்கி, கடைக்காரர் பெருமையுடன் சாட்சி சொன்னார். சேஷாத்ரி வாயைத் துடைத்துக்கொண்டார்:

“தீர்மானம் மெஸ் வாசலோட முடிஞ்சுடுத்து ஓய், இது பொது ரஸ்தா!”

வைத்தியர்

வெள்ளியன்று சேஷாத்ரியை, கொழுப்பைக் குறைக்கச் சொன்ன அந்த வங்காளி வைத்தியரிடமே அழைத்துச் சென்றேன். கீரையிலும் கேரட்டிலும் உள்ள சத்துக்கள் சில, கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். கொழுப்பு அறவே இல்லாத சாப்பாடு வயிற்றில் நில்லாது. வீட்டில் அளவாகத் தாளித்து, வெளியில் பொரித்ததை விலக்குவதே முறை என்று அவர் விளக்கினார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்:

“அரே மொஷாய், நான் கரண்டியைச் சிறிதாக்கச் சொன்னேன், நீங்கள் எண்ணெய் டின்னையே நாடு கடத்திவிட்டீர்களே!”

நிபந்தனை

சனிக்கிழமை காலை பஞ்சாபகேசன் படுக்கையைச் சுருட்டியிருந்தார். சேஷாத்ரியே அடுக்களைக்கு வந்து, ஆளுக்கு ஒரு சிறு கரண்டி எண்ணெய் அளந்து ஊற்றினால்தான் தங்குவேன் என்றார். அதிகாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பதினெட்டுக்குப் பிறகும் அவர் கை நிற்கவில்லை. பஞ்சாபகேசன் படுக்கையை அவிழ்த்தவாறே சொன்னார்:

“இருபத்திரண்டு ஆயிடுத்து ஸார். அந்த நாலு பேகுனிக் கணக்கா?”

உடம்புக்குக் கொழுப்பு எவ்வளவு தேவை என்பதை வைத்தியர் சொல்லலாம், ஆனால் மெஸ்ஸுக்குச் சமையற்காரர் எவ்வளவு தேவை என்பதைப் பசிதான் சொல்லும் என்று பதினெட்டுப் பேரும் ஒப்புக்கொண்ட நாள், சரஸ்வதி பூஜைக்கு முதல் நாளாகிய அந்தச் சனிக்கிழமை.