எதிர்காலத்துக்குச் சிவப்பு மசி

நாளை என்ற பேச்சை எடுத்தாலே நழுவுகிற ஊரில், இங்கிலீஷ் இலக்கணத்தில் எதிர்காலத்தைச் சொல்லிக்கொடுப்பதுபோல வம்பான தொழில் வேறில்லை. பி.ஏ. முதல் வருஷம் முடித்துக் கோடை விடுமுறைக்குச் சின்ன காஞ்சிபுரம் வந்திருந்தேன். இங்கிலீஷில் கடிதம் எழுதப் பழகவேண்டும் என்று மூன்று பேர் வந்தார்கள். காலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வகுப்பு. சொல்லிக்கொடுத்து அவதிப்பட்ட சகோதரிகளே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

எனக்கும் ஒரு கடிதம் வேண்டியிருந்தது. 'மகளைத் திரும்பக் கல்லூரிக்கு அனுப்புவேன்' என்று அப்பா தம் கையால் கெடு தேதிக்குள் எழுதிக் கொடுத்தால்தான் ஹாஸ்டலில் என் இடம் எனக்கு; இல்லாவிட்டால் வேறொருத்திக்கு. அப்பா கோயிலில் வேதபாராயணம் செய்பவர். இங்கிலீஷும் ஓரளவு எழுதுவார். எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்: "பார்க்கலாம்."

மழைக்கு ஜாமீன்

முதல் மாணவர், நாலு தறி வைத்திருக்கும் முதலியார். பம்பாய் வியாபாரிக்கு, 'புடவை வெள்ளிக்கிழமை தயாராகும்' என்று எழுதவேண்டும். 'வில் பி ரெடி' வரைக்கும் முத்து முத்தாக எழுதினார். கிழமை வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"இதுவே பேஷா இருக்குதும்மா. கிழமை வேணாம்" என்றார். கிழமை இல்லாமல் எதற்குக் கடிதம் என்று பிடித்துக்கொண்டேன். வாக்குச் சொல்லத் துணியாதவர்கள் கையில் ஒரு பாஷையே வீணாகிறது என்று கல்லூரி வாதமேடையில் முழங்குவதுபோல முழங்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தெருவுல பாவு நூலை விரிச்சுக் கஞ்சி போட்டுக் காய வைக்கணும். மழை வராதுன்னு நீ எழுதிக் குடும்மா, வெள்ளிக்கிழமைன்னு நான் எழுதறேன்."

மூன்று நாள் யுத்தம்

அடுத்தவர் சரிகை வியாபாரி சாயபு. பெருநாள் கழித்துச் சூரத்துக்கு வருவதாக அங்குள்ள தம் சிநேகிதருக்கு எழுதவேண்டும். 'ஐ வில் கம்' என்பதற்கு முன்னால் 'இன்ஷா அல்லா', அதாவது ஆண்டவன் நாடினால், என்று போட்டிருந்தார். சிவப்பு மசியால் அடித்தேன். மறுநாளும் அது வந்து உட்கார்ந்திருந்தது; அடித்தேன். மூன்றாம் நாளும்!

"ரயில் ஏறப்போவது நீங்கள். நடுவில் ஆண்டவனை எதற்கு இழுக்கிறீர்கள்?" என்று பொரிந்தேன். சாயபு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ அடிச்சுக்கோ மகளே. ஆனா அது இல்லாம கடுதாசி போச்சுன்னா, எனக்கு வர்ற எண்ணமே இல்லேன்னு அவரு நினைச்சுக்குவாரு."

ஊகம்

மூன்றாவது மாணவி பக்கத்து வீட்டுப் பங்கஜம்; அவள் புருஷன் டில்லியில் குமாஸ்தா. 'நாளை நடக்கப்போவதை ஊகித்து ஒரு வாக்கியம் எழுது' என்றேன். கொஞ்சமும் தயங்காமல் எழுதினாள்: 'என் மாமியார் என்னைத் திட்டுவார்.' அப்பாடா, உறுதியாகப் பேச ஒருத்தி கிடைத்தாள் என்று நான் கொண்டாடும்போதே, "பங்கஜம்! எங்கேடி தொலைஞ்சே?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். பங்கஜம் நோட்டை மூடினாள்: "இதுல ஊகம் என்னக்கா இருக்கு? நாளைக்கு வரவேண்டியது இன்னிக்கே வந்துடுத்து, அவ்வளவுதான்."

அப்பாவின் கடிதம்

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது காகிதத்தையும் பேனாவையும் அப்பாவுக்கு முன்னால் வைத்தேன்.

"ஷல்லுக்கும் வில்லுக்கும் என்ன பேதம்?" என்றார்.

"'நான்' என்பதோடு ஷல் போட்டால், நடக்கும் என்று தெரிவிக்கிறீர்கள். வில் போட்டால் வாக்குக் கொடுக்கிறீர்கள்."

சொல்லிவிட்டேனே ஒழிய, ஷல் போட்டுத் தப்பித்துவிடுவாரோ என்று பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கொட்டை எழுத்தில் 'ஐ வில் செண்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அனுப்ப மனசில்லாமலா பார்க்கலாம்னேன்? வாக்குன்னு குடுத்துட்டா, அப்புறம் ஊர்ல யார் வந்து என்ன சொன்னாலும் மாத்த முடியாதே. அதுக்குத்தான் இத்தனை யோசனை. சரி, ஜூன்ல கிளம்பறியோன்னோ?"

காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "பெருமாள் சித்தம் இருந்தா, போயிட்டு வரேம்பா" என்றேன்.

அப்பா சிவப்பு மசிக்கூட்டை என் பக்கம் நகர்த்தினார்: "முதல்ல அதை அடி."

அந்தக் கோடையில் என் வகுப்பில் தேறியது, வகுப்பிலேயே சேராத அப்பா ஒருவர்தான்; உபாத்தியாயினி பெயில்.