அறுநூறு சிப்பாய், நூற்றைம்பத்தொரு பீங்கான்

டிரெஸ்டனில் எல்பே ஆற்றங்கரை ராஜ மாளிகையில் பாத்திரம் கழுவும் ரோசினா, ஒரு தட்டைக்கூட உடைத்தவள் இல்லை. அதனால்தான் ராஜாவின் பீங்கான்கள் அவள் கைக்கு வந்தன. ராஜாவுக்குப் பீங்கான் பித்து. தங்கத்தைத் தள்ளிவிட்டுச் சீனத்து நீலப்பூ ஜாடியைக் கட்டிக்கொள்வார். அரசன் வீட்டுக் கோழிமுட்டை ஏழை வீட்டு அம்மியையும் உடைக்கும் என்பார்கள். 1717இல் ரோசினாவின் அம்மி உடைந்தது.

அவள் புருஷன் கோட்லோப் குதிரைப்படைச் சிப்பாய். எல்லையில் அணிவகுப்பு, பத்தே நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனான். மூன்று வாரம் ஆயிற்று. ஒரு காலை, வைக்கோல் அடைத்த பெட்டிகளோடு வண்டிகள் முற்றத்துக்குள் வந்தன. முதல் வண்டியில் பூட்டியிருந்தது கோட்லோபின் குதிரை. வலது முன்னங்கால் மட்டும் வெள்ளை, அவளுக்குத் தெரியாதா? ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே ஓடினாள். வண்டிக்காரரிடம், இந்தக் குதிரைக்காரர் எங்கே என்று கேட்டாள்.

"குதிரைய வச்சுக்கிட்டு ஆள மட்டும் நம்ம ராஜா கொடுத்துட்டாரு, தங்கச்சி. அறுநூறு பேரு. பக்கத்து நாட்டு பிரஷ்யா ராஜா வாங்கிக்கிட்டு, பதிலுக்கு இதக் கொடுத்தாரு. ஜாடியும் தட்டுமா நூத்தம்பத்தொண்ணு."

அவளுக்குப் புரியவில்லை. எப்போது வருவார்கள் என்று மறுபடியும் கேட்டாள். வண்டிக்காரர் கடிவாளத்தை அவிழ்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் புரிந்தது. மனுசனைக் கொடுத்து ஜாடி வாங்குவார்களா? வாங்கியிருக்கிறார்களே!

மேலாளர் ஹைனிக்கே வந்து, ஒன்று உடைந்தாலும் உயிர் தப்பாது என்று எல்லாரையும் மிரட்டினார். முதல் ஜாடி ரோசினாவின் மார்பு உயரம். கணக்குப் போட்டாள்: ஒரு பீங்கானுக்கு நாலு ஆள். கூடக் கழுவுகிறவர்கள், போட்டு உடைடி என்று காதைக் கடித்தார்கள். அவள் தொட்டியின் அடியில் கம்பளித் துணியை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில், பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவினாள்.

பதினோரு வருஷம். வாரம் தவறாமல் ஒவ்வொன்றாய்த் துடைப்பாள், நூற்றைம்பத்தொன்று வரை எண்ணுவாள். "புருஷனத் தின்ன ஜாடிக்குப் பூசை பண்றா பாரு" என்று மற்றவர்கள் குத்திக்காட்டினார்கள். அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். கோட்லோபிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

ஒரு நாள் விருந்தாளிகளிடம் ஜாடிகளின் பெருமையைக் கைவீசிப் பேசிக்கொண்டிருந்தார் ஹைனிக்கே. அவர் முழங்கை பட்டு ஒன்று சரிந்து நொறுங்கியது. சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். ரோசினா மட்டும் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது அங்கே யாரும் பார்த்ததில்லை.

ஹைனிக்கேயின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "உடைச்சது நான். நீ எதுக்கு அழற?" என்றார்.

"ராஜாவுக்கு என்னைக்காவது மனசு மாறும், இதத் திருப்பி அனுப்பி அந்த அறுநூறு பேரையும் கேப்பாருன்னு இருந்தேன் ஐயா. எண்ணிக்கை குறையக் கூடாதுன்னுதானே காவல் காத்தேன். இப்ப ஒண்ணு குறையுதே. எந்த நாலு பேர அங்கேயே விட்டுட்டு வரச் சொல்லுவாங்க?"