பூட்டிக்கொண்ட பறவைக் குரல்கள்

பஸ் டிப்போவில் அவரைக் ‘குயிலு’ என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஷிப்ட் முடிந்ததும் மற்ற டிரைவர்கள் வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்ப்பார்கள். இவர் சின்ன ரிக்கார்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்ப் பறவைகளின் குரலைப் பதிவு செய்வார். பல வருடப் பதிவுகள் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்திலிருந்த பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தன.

பறவைக்குக் கொடுத்த காதைக் கம்ப்யூட்டருக்கு அவர் கொடுத்ததில்லை. அப்டேட் கேட்டால் ‘அப்புறம்’ என்று அமுக்குவார். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் அவர் ஓட்டும் பஸ்ஸின் நம்பர். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் ஒன்றுக்கு இரண்டாக வைத்துப் பழகியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹார்டு டிஸ்க்கைச் செருகி எல்லாவற்றையும் நகல் எடுப்பாள். உடனே கழற்றித் துணி அலமாரியில் வைத்துவிடுவாள்.

“அது மாட்டியே கெடந்தா உனக்கென்ன, சோறா கேக்குது?” என்பார்.

“பொட்டிக்குள்ள ஏதாச்சும் பூந்துச்சுன்னா அதுலயும் பூந்துரும்ங்க.”

ஒரு மத்தியானம், மரங்கொத்தியின் குரலில் காற்றிரைச்சல் கலந்திருந்தது. இரைச்சலை நீக்க இலவச சாப்ட்வேர் தேடி, முதலில் கண்ணில் பட்ட பக்கத்திலிருந்து இறக்கினார். வைரஸ் தடுப்பு எச்சரித்தது. “நீ வேற நடுவுல” என்று அதை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்தார்.

கொஞ்ச நேரத்தில் பதிவுகளின் பெயர்களுக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் வால்போல் முளைத்தன. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. பிறகு திரை முழுக்க ஓர் அறிவிப்பு: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமென்றால் பணம் அனுப்புங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்காத பஸ்ஸை ஓட்டுபவர்போல், கைக்குக் கிடைத்த பட்டனையெல்லாம் அமுக்கிப் பார்த்தார்.

மனைவிக்குப் போன் போட்டார்.

“மொதல்ல இன்டர்நெட் ஒயரப் புடுங்குங்க. வேற எதையும் தொடாதீங்க. தம்பிய வரச் சொல்றேன்.”

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவளுடைய தம்பியும் அவளும் வந்து சேர்ந்தபோது, குயிலு கையில் ஹார்டு டிஸ்க்கோடு நின்றிருந்தார். செருகப் போன கையில் அவள் ஒரு போடு போட்டாள்.

“இருக்கறதையும் வாரிக் குடுக்கப் போறீங்களா?”

“பணத்த அனுப்பிட்டா தெறந்துருவானா மாப்ள?” என்று மச்சினனிடம் கேட்டார்.

“திருடன்கிட்ட ரசீது கேக்குற மாதிரிதான் மாமா. வாங்கிட்டுப் போனாலும் போயிருவான். மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா போட்டுரலாம்.”

அழிப்பதைப் பார்க்க மனசில்லாமல் குயிலு மாடிக்குப் போய்விட்டார். கீழே எல்லாம் புதிதாக ஏறி, சுத்தம் என்று உறுதியான பிறகுதான் மச்சினன் டிஸ்க்கைச் செருகினான். ஸ்பீக்கரிலிருந்து நாரையொன்று கரகரவென்று கத்தியது. குயிலு படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார்.

எல்லாம் வந்துவிடவில்லை. முந்தைய ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர் வீட்டுக்குப் போனதில் நகலெடுப்பது தவறியிருந்தது. அதற்கு முந்தின வாரம் பதிவான மீன்கொத்திக் குஞ்சுகளின் சத்தம் போனது போனதுதான். இரண்டு மூன்று நாள் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு விடுங்க” என்றாள் அவள்.

அதன்பின் ஆளே மாறிப்போனார். அப்டேட்டைத் தானாக ஓடும்படி வைத்தார். மெயிலுக்கு ஒன்று, பேங்குக்கு ஒன்று என்று நீளமான பாஸ்வேர்டுகளை மச்சினன் உதவியோடு மாற்றினார். ஒரு விடுமுறை நாளில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மெத்தை தைக்கும் அளவுக்குத் தூசி! ஊதித் துடைத்து மூடியதும் கம்ப்யூட்டர் கொதிப்பதும் உறுமுவதும் நின்றன.

“இந்தச் சத்தத்துலயா இத்தன நாளா பறவையக் கேட்டுட்டிருந்தேன்?” என்று அவரே சிரித்தார்.

இப்போது டிப்போவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் இவரைத்தான் தேடுகிறார்கள். போன வாரம் ஒரு கண்டக்டர் பதறிப்போய் அழைத்தார். “ஸ்க்ரீன்ல வைரஸ்னு கத்துதுண்ணே, உடனே கூப்பிடுன்னு நம்பர் வேற வருது!”

“கூப்பிடாத! அந்தப் பக்கத்த மூடு. மூடலன்னா பவர் பட்டன அமுக்கிப் பிடிச்சு மெஷினையே நிறுத்து. அப்புறமா வந்து பாக்குறேன்.”

போனை வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். காலையில் பதிவு செய்த மைனாக்கள் இரண்டு உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மனைவி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பக்க ஹெட்போனைத் தன் காதுக்கு வாங்கிக்கொண்டாள்.