வெற்றிலை வாங்காத அஞ்சலையக்கா

சேதி வந்தபோது நான் கிடங்கு வாசலில் துணி மூட்டைகளுக்கு அடையாளம் போட்டுக்கொண்டிருந்தேன். துறையிலிருந்து படகோட்டி ஒருவன் தலைதெறிக்க ஓடிவந்தான். "கணக்குப்புள்ள, அஞ்சலையக்கா பூட்டாங்க" என்றான். எனக்கு விளங்கவில்லை. அன்று காலையில்தான் கருவாட்டுக் கூடையோடு ஏரியைத் தாண்டிப் பழவேற்காட்டுக்கு வந்திருந்தார். போகிறபோக்கில் என்னைப் பார்த்து, "இன்னா, இன்னிக்கு யாரு வூட்டுக்குத் தட்டு?" என்று கிண்டல் வேறு. எப்படி என்று கேட்டேன். "நம்ம மொதலாளி படகுலதான் திரும்பிக்கினு இருந்தாங்க. வாடைக் காத்து ஒரு திருப்பு திருப்பிச்சி. பாய்மரம் முறிஞ்சி நேரா அவங்க தலையில" என்றான்.

குப்பத்து ஜனங்களே, கருமாதியன்று அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை எழுதிவந்து படிக்கும்படி தேசம்மாதான் என்னைக் கேட்டாள். "எங்கம்மாவோட சண்டை போட்டது நீங்கதானே, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாள். பெற்ற மகள் கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். முதலாளியின் படகில் யாருக்காவது கை கால் போனால், அன்று சாயங்காலமே அடிபட்டவர் வீட்டுக்குத் தட்டு எடுத்துவருகிறவன். வெற்றிலை, பாக்கு, ஒரு சேலை, ஒரு மரக்கால் அரிசி. இருபது வருஷம் அதுதான் என் பிழைப்பு. அந்த இருபது வருஷமும் வாசலில் நின்று என்னை மறித்தவர் அஞ்சலையக்கா.

முதல் தடவை அவர் மறிக்கவில்லை. அவர் புருஷனின் கால், முகத்துவாரத்தில் அலை தூக்கியடித்தபோது இரண்டு படகுகளுக்கு நடுவில் மாட்டி நசுங்கியது. நான் தட்டோடு போனேன். ஜுரத்தில் கிடந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குப்பத்தில் வெற்றிலை என்றால் வந்தவனுக்கும் தந்தவனுக்கும் மரியாதை. ஒல்லாந்தர் கோட்டையில் பிராது கேட்கிற இடத்திலோ அதற்குப் பெயர் ராஜி. வாங்கிவிட்டால் வழக்கு முடிந்தது. இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நாலு மாதத்தில் கால் அழுகி அவர் போய்ச் சேர்ந்தார். அஞ்சலையக்கா கைக்குழந்தையாக இருந்த தேசம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கோட்டைக்குப் போனார். வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்க்கிற துபாஷி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வெற்றிலை வாங்கினீர்களா?" வாங்கினோம் என்றார் அக்கா. பிராது ஓலையைச் சுருட்டித் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார்கள். "வூடு தேடி வந்தவங்க நீட்டினா வாங்காம எப்படி சாமி இருக்கிறது?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் சாட்சியாகப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகவில்லை. கோட்டை வாசலிலேயே உட்கார்ந்து, வந்த போன துபாஷிகளையெல்லாம் பிடித்துப் பிடித்துக் கேட்டார். படிக்காத மனுஷி, ஒரே வாரத்தில் நாங்கள் மறைத்துவைத்த அத்தனையும் தெரிந்துகொண்டார். அடிபட்டவனைக் கோட்டை வைத்தியர் பார்த்தாக வேண்டும். அறுந்த கயிறோ முறிந்த கட்டையோ கையில் இருக்க வேண்டும். கெட்டுப்போன சாமான் என்று தெரிந்தே படகை விட்டிருந்தால், அடிபட்டவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் படகுக்காரன் சோறு போட வேண்டும். விஷயத்தை மறைத்து, ஏமாற்றி வாங்கிய ராஜி செல்லாது. கடைசியில் சொன்னது முதலாளிமாரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்புறம் எந்தக் குப்பத்தில் யாருக்கு அடிபட்டாலும் எனக்கு முன்னால் அவர் அங்கே இருப்பார். வீட்டுப் பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தால் ஒரு அதட்டல் போடுவார். "மொதல்ல அறுந்த கயித்த எடுத்து உள்ள வெய்யி. அழுவறதுக்கு ராவு பூரா கீது." ஈரமில்லாத மனுஷி என்று அவரைச் சிலர் திட்டியது எனக்குத் தெரியும். அந்தக் கயிற்றை எடுத்துப் போய்விடச் சொல்லி முதலாளி எனக்கு முன்பே ஆள் அனுப்பியிருப்பார் என்பது உங்களுக்குத் தெரியாது.

நங்கூரக் கயிற்றில் ஒருவருக்கு இரண்டு விரல் போன அன்று நடந்ததை நீங்களே எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். வாசலில் நின்று, "வா கணக்குப்புள்ள, குந்து, மோரு குடி. தட்டை மட்டும் வெளியவே வெய்யி" என்றார். வைத்தேன். மோர் குடித்து முடிப்பதற்குள் ஒரு ஆடு வந்து வெற்றிலையை மென்றுவிட்டது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆடு ராஜியாயிடுச்சி, போயி உங்க மொதலாளியாண்ட சொல்லு!" என்றார். குப்பமே சிரித்தது. விரல் போனவரும் சிரித்தார். வெறும் தட்டோடு நான் படகேறினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அந்த வழக்கு ஜெயித்தது. ஆனால் ஜெயித்தவை சொற்பம். சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவன் கடைசி நாளில் வராமல் போய்விடுவான். அவனுக்கும் முதலாளி படகில்தானே வேலை. ஒருநாள் கோட்டைப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "கணக்குப்புள்ள, ஜெயிச்சவனுக்கும் வெரலு மொளைக்கல. நான் இன்னாத்துக்கு இப்படி அலையறேன்னு தெரியல" என்றார். அவ்வளவு களைத்துப்போன முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை.

போன மாதம் துறையில் என்னைக் கூப்பிட்டு, "உங்க பெரிய படகுல பாய்மரம் அடியில வெடிப்பு ஓடிக்கீது. பாத்தியா இல்லியா? ஜனங்க ஏறி எறங்கற படகு" என்றார். போய்ப் பார்த்தேன். சுண்டுவிரல் நுழைகிற வெடிப்பு. முதலாளியிடம் சொன்னேன். "தை வரைக்கும் தாங்கும். கப்பல் நிக்கற நேரத்துல படகை நிறுத்தச் சொல்றியா? பூசி வுடு" என்றார். நானே ஆளைக் கூப்பிட்டுக் குங்கிலியத்தைக் காய்ச்சி வெடிப்பின்மேல் பூசவைத்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் புது மரம் மாதிரி இருந்தது.

நாலு நாள் கழித்து அக்கா மறக்காமல் கேட்டார். "மரத்தை மாத்தினீங்களா?" மாற்றியாகிவிட்டது என்று சொன்னேன். ஏன் சொன்னேன்? அவர் கோட்டைக்குப் போய்விடுவாரே என்ற பயம். முதலாளி என்னைத் தொலைத்துவிடுவாரே என்ற பயம். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். இருபது வருஷம் என் தட்டைத் தொடாதவர், என் வார்த்தையை வாங்கிக்கொண்டார். "கணக்குப்புள்ள சொன்னா சரிதான்" என்றார். அதற்குப் பிறகுதான் அந்தப் படகில் ஏறத் தொடங்கினார்.

அவரை வீட்டில் கிடத்தியிருந்த அன்று சாயங்காலம் முதலாளி தட்டைக் கொடுத்தனுப்பினார். எடுத்துவந்தேன். வாசலில் மறிக்க யாரும் இல்லை. முறிந்த மரத்தை அதற்குள் கிடங்குக்காரர்கள் அடுப்புக்கு வெட்டிவிட்டார்கள். அதை எடுத்துவைக்கச் சொல்ல யார் இருந்தார்கள்? தேசம்மா தட்டைப் பார்த்தாள். அவளுக்கு அர்த்தம் தெரியாமலா இருக்கும்? அவள் புருஷன் முதலாளி படகில் வேலை செய்கிறவன், மூன்று சின்னப் பிள்ளைகள். இருந்தாலும் கையை நீட்டாமல் என்னைக் கேட்டாள்.

"எங்க நைனா தெரியாம வாங்கினாரு. நான் தெரிஞ்சிக்கினு வாங்கணும். அந்த மரம் ஒடையும்னு யாருக்காச்சும் முன்னமே தெரியுமா? தெரிஞ்சிருந்தா நான் கோட்டைக்குப் போவேன். எம்மாம் கஷ்டம் வந்தாலும் போவேன். நீங்க எங்கம்மா மேல சத்தியமா சொல்லுங்க."

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்காவின் கால் விரல்கள் கட்டியிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது.

"யாருக்கும் தெரியாதும்மா" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள் பாவி மகள்.

ஏமாற்றி வாங்கிய ராஜி செல்லாது. இன்னும் செல்லாது. தேசம்மாவின் பிள்ளைகளுக்குச் சோறு கேட்க இன்றைக்கும் உரிமை இருக்கிறது. நான் ஒருவன் வாயைத் திறந்தால் போதும். ஒவ்வொரு நாளும் காலையில் கோட்டை வரைக்கும் நடக்கிறேன். வாசல் காவல்காரன் எதற்கு வந்தாய் என்று கேட்கிறான். சும்மா என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். என் வீட்டிலும் நாலு வயிறு இருக்கிறது, எனக்கும் வயதாகிவிட்டது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நாளைக்குக் கருமாதி. குப்பத்து ஜனங்களே, உங்கள் முன்னால் நின்று படிப்பேன். கோட்டைப் படியில் அவர் களைத்து உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் படிப்பேன். நீங்கள் அழுவீர்கள், தேசம்மா எனக்கு நன்றி சொல்வாள். அதற்கு மேல் எழுதிய ஓலைகளைத் தனியாகக் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டேன். அறுந்த கயிற்றை எடுத்து உள்ளே வைக்கச் சொன்ன அஞ்சலையக்காவிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.