நாய்க்கும் பெயர் எழுதியிருந்தார்கள்

இன்று காலை பண்டாரவளையிலிருந்து பதுளை பஸ். ஒன்பதாம் வகுப்புக்கு எகிப்து பாடம் நடத்த வேண்டும் என்பதால் மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன்.

பக்கத்து சீட்டில் இருந்த தேயிலைத் தோட்டத்து அம்மா அதிலிருந்த கல்லறைச் சிற்பப் படத்தை எட்டிப் பார்த்தார்.

“நாற்காலிக்குக் கீழ என்னங்க சார், நாயா?”

“ஆமாம்மா. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின கல்லறை. செத்த பொறகும் துணைக்கு இருக்கணும்னு நாயையும் செதுக்கி, பேரையும் எழுதியிருக்காங்க.”

“என்ன பேருங்க?”

“கறுப்பன்னு அர்த்தமாம்.”

“எங்க லயத்து வீட்டு நாயும் கறுப்பன்தாங்க!”

சிரித்துவிட்டுக் கையிலிருந்த கடித உறையைத் தடவினார். அடையாள அட்டைக்காக ஐந்தாவது முறையாகப் பதுளைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகிறாராம். அவர் பிறந்ததை யாரும் பதியவில்லை.

“தோட்டத்துல சம்பளத்துக்குப் பேர் பதியிற செக்ரோல்ல மட்டுந்தான் எம் பேரு இருக்கு. அது செல்லாதாங்க. அந்த நாய்க்கு எழுதிக் குடுத்த ஐயா பதுளையில இருந்தா நேரா அவருகிட்டயே போயிருவேன்.”

குரலில் கோபமே இல்லை. “இந்த தடவ கெடச்சிரும்மா” என்று சொல்லிவிட்டு ஹாலிஎலயில் இறங்கினேன்.

வகுப்பில், நாயின் பெயரைக் கரும்பலகையில் எழுதும்போதுதான் உறைத்தது. அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவே இல்லை.

என்னைத் திட்டுகிறவர்களுக்குக் கீழே கமெண்ட்டில் இடம் இருக்கிறது.