அந்தப் பிள்ளைக்கு ஒரு பச்சைப் பொட்டு

கட்டடக்கலை சொல்லிக்கொடுப்பவர்களில் பாதிப் பேருக்கு 'மக்கள்' என்ற சொல்லை உச்சரிக்கும்போது ஒரு தனி முகம் வந்துவிடும். தீபாராதனை பார்க்கிற முகம். அந்த முகத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியின் 'கம்யூனிட்டி ஸ்டுடியோ'வைப் பல வருடங்களாக நடத்திக்கொண்டிருப்பது நான்தான்.

பாடம் இதுதான். நான்காம் ஆண்டு மாணவர்களை நகரத்தின் ஏதாவது ஒரு மூலைக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே இருப்பவர்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பி, முன்பே மனதில் வைத்திருந்ததை வரைய வேண்டும். கடைசி வரி பாடத்திட்டத்தில் கிடையாது. ஆனால் வருடம் தவறாமல் நடப்பது அது ஒன்றுதான்.

வழக்கமாக இதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. வரைந்த தாள்கள் கண்காட்சி முடிந்ததும் பரண்மேல் ஏறும், கரையான் தின்னும். அந்த வருடம் மட்டும் விஷயம் வேறாகிவிட்டது. பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்து வளைகிற இடத்தை அழகுபடுத்த நகரசபையிடம் பணம் இருந்தது, யோசனை இல்லை. எங்கள் துறைத்தலைவரிடம் யோசனைக்கு என்றுமே பஞ்சமில்லை. மாணவர்களின் படங்களில் மக்கள் எதை ஏற்கிறார்களோ அதையே கட்டிவிடுவது என்று இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அந்த வளைவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். மரத்தடியில் ஒரு தட்டுக்கடை. நடத்துகிற அக்கா நாகர்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் போன பிறகு அந்தக் கடையை வைத்துத்தான் மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் இட்லி, ரசவடை. மாலையில் சாயாவும் பழம்பொரியும். தேங்காய் வியாபாரிகள், லாட்ஜில் தங்கும் பக்தர்கள், பஸ்ஸை விட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்று சாப்பிடுவார்கள். அந்தப் பருவம் முழுக்க என் மாணவர்களும் அங்கேதான் சாப்பிட்டார்கள். வெயிலில் டேப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. கேட்காமலே இன்னொரு வடையை இலையில் வைப்பாள்.

அவளிடம் மிகவும் ஒட்டிக்கொண்டது ஒரு கொச்சிக்காரப் பெண். வகுப்பிலேயே கெட்டிக்காரி. கம்ப்யூட்டரில் அவள் செய்கிற படத்தைப் பார்த்தால் சாக்கடைகூட அழகாக இருக்கும். அவளுடைய வடிவமைப்பை முதலில் பார்த்தபோது மரம் இருந்தது. மரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு கருங்கல் இருக்கை இருந்தது. இருக்கையில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி, கையில் பலூன் பிடித்த குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். இந்த வெள்ளைக்காரியை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். படத்தில் ஆள் நடமாட்டம் காட்ட ஒட்டுவதற்கு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவள். விழிஞ்ஞத்தில் மீன் ஏலம் போடும் இடத்திலும் அவளை ஒட்டியிருக்கிறார்கள், கல்லாற்றங்கரையிலும் ஒட்டியிருக்கிறார்கள். எங்கே போனாலும் அதே தொப்பி, அதே பலூன்.

"கடை எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"அது இன்ஃபார்மல் இல்லையா மிஸ், ரோட்டுக்கடைதானே, அதனால கிளீன் பண்ணிட்டேன்."

"இன்னிக்கு மத்தியானம் எங்கே சாப்பிட்டே?"

"அங்கேதான். அந்த அக்கா ரொம்பப் பாவம் மிஸ், ரொம்ப ஸ்வீட்."

அவள் பொய் சொல்லவில்லை. அக்காமேல் உண்மையான பிரியம் வைத்திருந்தாள். பிரியம் வேறு, படம் வேறு என்று நாங்கள்தான் நான்கு வருடம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தோம். கடையைத் திரும்ப வரையச் சொன்னேன். வரைந்தாள். துறைத்தலைவர் வந்து பார்த்துவிட்டு, ஸ்டுடியோவுக்கு 'விஷன்' வேண்டும், பலகாரக்கடை விஷன் ஆகாது என்று எடுக்கச் சொல்லிவிட்டார். நான் விடவில்லை. அவர் தீபாராதனை முகத்தோடு, "நாம் யார் முடிவு செய்ய? மக்கள் சொல்லட்டும்" என்றார். சரி, அந்த அக்காவே வந்து பார்த்தால் சும்மா இருப்பாளா என்று நானும் நினைத்தேன்.

மக்கள் சொல்வதற்கென்று எங்கள் துறை வைத்திருக்கும் முறை ஒட்டுப்பொட்டு. சந்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தை எடுத்து, படங்களை வரிசையாக மாட்டினோம். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதை வரைந்த மாணவர் இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்பார். வருகிறவர்கள் கையில் பச்சைப் பொட்டும் சிவப்புப் பொட்டும் கொடுக்கப்படும். பிடித்தால் பச்சை, வேண்டாமென்றால் சிவப்பு. இதை மேல்நாட்டில் எங்கோ பார்த்துவிட்டு வந்த துறைத்தலைவர் ஜனநாயகத்தையே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததுபோல் பேசுவார்.

அக்கா புதுச்சேலை உடுத்தி வந்தாள். அன்றைக்கு மண்டபத்துக்கு வடையும் சாயாவும் அவளுடையதுதான். நானே அவளைக் கொச்சிக்காரப் பெண்ணின் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அக்கா, நல்லாப் பாருங்க. இதுல உங்க கடை இல்லை."

"பாத்தேன் டீச்சர்," என்றாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பச்சைப் பொட்டை எடுத்து, விரலால் நன்றாக அழுத்தி ஒட்டினாள்.

அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனேன். "ஏன்க்கா பச்சை வச்சீங்க? சிவப்பை வைக்கலாமே."

"அய்யோ, அது பாவம் டீச்சர். கண்ணெல்லாம் உள்ள போயிக் கெடக்கு பாத்தியளா. உறங்காம வரஞ்சிருக்கு. நம்மளால அந்தப் பிள்ளைக்கு ஒரு மார்க்கு கொறையப்பிடாது."

"இது பரீட்சை இல்லைக்கா."

"காலேஜில இருந்து வந்திருக்கு. பிள்ளையோ பக்கத்துல பயந்து பேடிச்சிட்டு நிக்கு. சார் பேனாவும் வச்சு எண்ணுகாரு. பரீட்சை இல்லாம பின்ன என்ன டீச்சர்?"

அவள் மட்டுமல்ல. தேங்காய்க்காரர், லாட்ஜ்காரர், பூக்கட்டுகிறவர்கள் எல்லோரும் எல்லாப் படத்துக்கும் பச்சையையே ஒட்டிவிட்டு வடை தின்றுவிட்டுப் போனார்கள். சிவப்புப் பொட்டுகள் பிரிக்காமலே கிடந்தன. அடுத்த வீட்டுப் பிள்ளையை யாராவது மனசறிந்து ஃபெயிலாக்குவார்களா? துறைத்தலைவருக்கு இது புரியவே இல்லை. முழுச் சம்மதம், எதிர்ப்பே இல்லை என்று மைக்கில் சொன்னார். எல்லாப் படமும் சமமாக இருக்கவே, விஷன் உள்ளது என்று கொச்சிக்காரப் பெண்ணின் படத்தைக் கட்டுவதற்கு அவரே எடுத்துக்கொண்டார். பொட்டு ஒட்டும் அக்காவைக் கல்லூரியின் போட்டோக்காரர் அழகாகப் படம் எடுத்திருந்தார்.

அந்தப் போட்டோவை அடுத்து நான் பார்த்தது நகரசபைப் பொறியாளரின் மேசைமேல். கடையை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்து ஓடியிருந்தேன். அவர் போட்டோவை என் பக்கம் திருப்பி வைத்தார். "அவர் தன்னே அல்லே டீச்சரே ஒட்டிச்சது?" என்றார். அவளேதான் ஒட்டினாள், இல்லை என்று எப்படிச் சொல்ல? அவள் பிள்ளைக்கு மார்க் போட்டாள், உங்களுக்குச் சம்மதம் கொடுக்கவில்லை என்று சொன்னேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். அதையே எழுதியும் கொடுத்தேன். அது அங்கிருந்து துறைத்தலைவருக்குப் போய், கல்லூரியின் பெயரைக் கெடுக்கிறேன் என்று எனக்கே திரும்பி வந்தது. இப்படிப்பட்டவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேனே என்று அன்றைக்குத்தான் நிஜமாகவே கூசியது.

கருங்கல் இருக்கை வந்தது. விளக்கு வந்தது. தூங்குமூஞ்சி மரத்தில் சாயங்காலமானால் காக்கைகள் வந்து அடையும் என்பது எந்தப் படத்திலும் இல்லை. எச்சம் விழுந்து விழுந்து கல் வெள்ளையாகிவிட்டது. அதில் எந்த வெள்ளைக்காரியும் உட்காரவில்லை, வேறு யாரும் உட்காரவில்லை. மக்கள் பங்கேற்புக்காகத் துறைத்தலைவர் மட்டும் ஒரு கேடயம் வாங்கி அறையில் வைத்துக்கொண்டார்.

போன மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனபோது அக்கா எதிர்ப்புறத்தில், லாட்ஜின் ஓட்டுக்கூரை இறவாணத்தடியில், ஒரு பிளாஸ்கும் ஒரு பாத்திரமுமாக நின்றிருந்தாள். இட்லி இல்லை, அடுப்பு வைக்க இடமில்லை. லாட்ஜ்காரர் சத்தம் போட்டால் அதையும் தூக்கிக்கொண்டு நகர வேண்டும். மகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் நிற்கிறாள் என்று அவளே சொன்னாள். என்னைக் குறை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சாயாவை ஊற்றிக் கையில் தந்தாள்.

"அந்தக் கொச்சிப் பிள்ளைக்கு மார்க்கு கிட்டிச்சா டீச்சர்?"

"கிடைச்சுது அக்கா. அவதான் ஃபர்ஸ்ட். அந்தப் படத்தைக் காட்டித்தான் வெளிநாட்டுல படிக்க இடமும் கிடைச்சுது."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளா, நம்ம பொட்டு வீணாப் போகல்ல," என்றாள். பிறகு மழையில் நனைந்துகொண்டிருந்த அந்தக் கல்லைக் கையால் காட்டினாள்.

"படத்துல இல்லேண்ணுதானே கடைய எடுத்தாங்க. மார்க்குதான் இப்பம் கிட்டியாச்சே டீச்சர். இனி அந்தப் பிள்ளைகிட்ட சொல்லி, அதுல எங் கடையையும் ஒண்ணு வரஞ்சு தரச் சொல்லுங்க."